மேற்கே போகும் சாலை: வறள்நிலப் பயணமும் வழிகாட்டி நூல்களும்

திருத்தணியைக் கடந்து போகும் தேசிய நெடுஞ்சாலைக்கு இப்போது 716 என்று எண். சென்னையில் புறப்பட்டுத் திருவள்ளூர் வழியாக வரும் இந்தச் சாலை, திருத்தணியைத் தாண்டிய சில கிலோமீட்டரில் ஆந்திர எல்லைக்குள் நுழைகிறது. நகரி, புத்தூர், ரேணிகுண்டா, கோடூர், ராஜம்பேட்டை, கடப்பா என்று போய் முத்தனூரில் முடிகிறது. நெடுங்காலம் இந்த வழியில் போன கார்களில் பெரும்பாலானவை திருப்பதிக்குப் போனவைதாம். இப்போது வார இறுதிகளில் வேறு வகைப் பயணிகளும் தென்படுகிறார்கள். பெண்ணை ஆறு செம்பாறையை அறுத்து உண்டாக்கிய பள்ளத்தாக்கைப் பார்க்கக் கண்டிக்கோட்டைக்குப் போகிறவர்கள், பேலம் குகைகளுக்குப் போகிறவர்கள், மதனப்பள்ளி, கதிரி வழியாக லேபாக்ஷி வரை போகிறவர்கள். பசுமையான தொண்டை நாட்டு விளிம்பிலிருந்து, நாட்டின் மிக வறண்ட பகுதிகளில் ஒன்றுக்குள் ஒரே நாளில் போய்விட முடிகிற சாலை இது.

அப்படிப் போகிறவர் கையில் எதை வைத்துத் திட்டமிடுகிறார்? ஒரு வழிகாட்டி நூல், செல்பேசியில் ஒரு வரைபடம், நண்பர்கள் அனுப்பிய நாலு படங்கள். இவற்றில் நூலின் பங்கு என்ன, வறண்ட நாட்டுப் பயணத்துக்கு அது எந்த அளவு உதவும், எங்கே கைவிடும் என்ற கேள்வியைத் தமிழில் யாரும் ஊன்றி ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. ஆனால் கேள்வி தமிழுக்குப் புதிதல்ல. வறண்ட வழியில் போகிறவனுக்கு வழி சொல்வதை ஓர் இலக்கிய வகையாகவே வளர்த்த மொழி இது. அந்தப் பழைய நூல்களையும் இடைக்காலப் பயணக் குறிப்புகளையும் இன்றைய கையேடுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் துலங்குகிறது. வறள்நிலத்துக்கான நூல் இரண்டு கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும்: அடுத்த தண்ணீர் எங்கே, எந்த மாதத்தில் எந்த நேரத்தில் அந்த வழி நடக்கத் தக்கது. பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் அதற்குப் பிறகுதான்.

முதலில், இது பாலைவனமா? ஜெய்சல்மேரில் ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர்கூட மழை பெய்வதில்லை. அனந்தப்பூரில் சுமார் 550 மில்லிமீட்டர் பெய்கிறது. அளவுகோலை வைத்துப் பார்த்தால் அனந்தப்பூர் பாலைவனம் அல்ல, அரை வறட்சி நிலம். ஆனால் இந்தியாவில் ஜெய்சல்மேருக்கு அடுத்தபடியாக மழை குறைந்த மாவட்டம் என்று அதைத்தான் சொல்வது வழக்கம். தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரத்தை மேற்குத் தொடர்ச்சி மலை வாங்கிக்கொள்கிறது. வடகிழக்குப் பருவமழை கடலோரத்தில் கொட்டிவிட்டு, கிழக்குத் தொடர்ச்சி மலையின் உடைந்த வரிசைகளைத் தாண்டுவதற்குள் வலுவிழந்துவிடுகிறது. அனந்தப்பூர் உள்ளிட்ட ராயலசீமை இரண்டு மழைக்கும் மறைவில் கிடக்கிறது. அனந்தப்பூரின் மேற்கு ஓரத்தில், கணேகல், பொம்மனஹால் வட்டாரங்களில், வேதவதி என்னும் ஹகரி ஆற்றின் வறண்ட படுகையிலிருந்து காற்று அள்ளிவரும் மணல் வயல்களில் மேடுகளாகக் குவிகிறது. அந்த இடத்தைப் பார்த்தவர்கள் பாலைவனம் என்றே சொல்வார்கள்.

தமிழ் மரபு இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தீர்த்து வைத்திருக்கிறது. பாலைக்கென்று நிலையான நிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலின் கொடுமையால் தம் இயல்பு கெட்டால் பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். தொல்காப்பியம் பாலைக்குரிய சிறுபொழுதாக நண்பகலையும் பெரும்பொழுதாக வேனிலையும் வைத்து, பின்பனியையும் சேர்த்துக்கொள்கிறது. இதை இலக்கண விதியாக மட்டும் படித்துவிட்டுப் போவது நமக்கு இழப்பு. பயணம் திட்டமிடுகிறவருக்கு இதைவிடப் பயனுள்ள வரையறை கிடைக்காது. ஒரே கண்டிக்கோட்டை தை மாதத்து விடியற்காலையில் முல்லை, சித்திரை நண்பகலில் பாலை. எந்த மாதம், எந்த மணி என்று சொல்லாத கையேடு எந்த நிலத்தைப் பற்றிப் பேசுகிறது என்றே தெரியாது. திருத்தணியே இதற்குச் சாட்சி. கோடையில் தமிழகத்தின் அதிக வெப்பம் பதிவான ஊர்களின் பட்டியலில் வேலூரோடு திருத்தணியின் பெயரும் அடிக்கடி வரும். அந்த நாட்களில் மலைக்கோயிலின் 365 படிகளை வெறுங்காலோடு ஏறுகிறவர் வெயிலுக்கு முன்போ வெயில் தாழ்ந்த பின்போ ஏறுகிறார். அதை அவருக்கு எந்த நூலும் சொல்லித்தரவில்லை. சொல்ல வேண்டிய நூல்கள் இருக்கின்றன என்பதுதான் இங்கே பேச்சு.

பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படை வகையைச் சேர்ந்தவை. பரிசு பெற்றுத் திரும்புகிற கலைஞன், வழியில் எதிர்ப்படும் வறிய கலைஞனை அதே வள்ளலிடம் அனுப்பி வைக்கிறான். எங்கே போக வேண்டும், எப்படிப் போக வேண்டும், வழியில் யார் வீட்டில் என்ன சோறு கிடைக்கும் என்று சொல்கிறான். நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படையில் ஓய்மா நாட்டு நல்லியக்கோடனிடம் போகும் வழியில் எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் என்று ஊர்கள் வரிசையாக வருகின்றன. நெய்தல் நிலத்து ஊரில் மீனும் கள்ளும், எயினர் ஊரில் புளியிட்ட சோறும் இறைச்சியும், மருத நிலத்தில் நெல்லரிசிச் சோறும் நண்டுக் கலவையும் என்று ஒவ்வோர் ஊருக்கும் தனி உணவு சொல்லப்படுகிறது. இன்றைய கையேட்டில் உணவகப் பகுதி செய்யும் வேலை இதுதான். ஒரே வேறுபாடு, அங்கே ஊர்களின் வரிசை சாலையின் வரிசையாகவே இருக்கிறது. போகிறவன் பட்டியலில் தேட வேண்டியதில்லை.

என் கணிப்பில் இந்த வகையின் உச்சம் மலைபடுகடாம். இரணிய முட்டத்துப் பெருங்கௌசிகனார் செங்கண்மாத்து நன்னன்மேல் பாடிய 583 அடிகள். செங்கண்மா என்பது இன்றைய செங்கம். வள்ளலின் பெருமையை ஒதுக்கிவிட்டு வழியை மட்டும் படித்தால், அபாயங்களைப் பற்றி இவ்வளவு விவரமாகப் பேசும் பயணக் கையேட்டை வேறெங்கும் காண்பது அரிது. தினைப்புனம் காப்போர் யானையை விரட்டக் கவணில் எறியும் கல் உங்கள்மேல் விழலாம், மரங்களின் மறைவில் போங்கள் என்கிறது. பன்றிக்கு வைத்த பொறிகள் வழியில் இருக்கும், இருட்டில் நடக்காமல் விடிந்தபின் போங்கள் என்கிறது. பாம்புகள் பதுங்கும் குழிகளையும், நீர் வழியும் பாறைகளின் வழுக்கலையும், அங்கே கொடியைப் பற்றிக்கொண்டு ஏற வேண்டிய இடத்தையும் சொல்கிறது. இரவில் தங்கக் குகைகள் எங்கே என்றும் சொல்கிறது. இவற்றுக்கெல்லாம் மேலாக ஓர் அறிவுரை உண்டு. வழி பிரிகிற சந்திப்பில், பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியும்படி புல்லை முடிந்து அடையாளம் வைத்துவிட்டுப் போங்கள் என்கிறது அந்தப் பாட்டு. வழிகாட்டியைப் பயன்படுத்துகிறவனே அடுத்தவனுக்கு வழிகாட்டியாகும் ஏற்பாடு அது. திருத்தும் வேலை நின்றுபோன வழிகாட்டி வறண்ட நாட்டில் ஆபத்து என்பதை அந்தப் புலவர் நன்றாக உணர்ந்திருக்கிறார்.

வழியின் தேவைகளை அறிய உமணரைப் பற்றிய பாட்டுகளும் உண்டு. உப்பு ஏற்றிய வண்டிகளோடு மேடும் பள்ளமும் தாண்டி உள்நாட்டுக்குப் போன அந்த வணிகர்கள், அச்சு முறிந்தால் மாற்ற வண்டியின் கீழே இன்னோர் அச்சைக் கட்டிக்கொண்டு போனதை ஔவையார் புறநானூற்றில் பதிவு செய்திருக்கிறார். இன்றைய ஸ்டெப்னி அதன் நேர் வாரிசு. அகநானூற்றுப் பாலைப் பாட்டுகளில், குறிப்பாக மாமூலனார் பாட்டுகளில், வேங்கடம் திரும்பத் திரும்ப வருகிறது. பொருள் தேடிப் போன தலைவன் வேங்கடத்தைத் தாண்டி வேறு மொழி வழங்கும் நாட்டுக்குள் போய்விட்டான் என்று தலைவி கவலைப்படுகிறாள். அந்தக் கவலையினூடே வழியின் செய்திகள் கிடைக்கின்றன. ஆநிரை மேய்ப்பவர்கள் தோண்டிய கிணறு, தாகத்துக்கு நெல்லிக்காய், வழிப்பறிக்காரர்கள் நிற்கும் கவர்த்த வழிகள். திருத்தணியிலிருந்து இன்று நாம் போகிற திசையும் கிட்டத்தட்ட அதுவே.

திருத்தணிக்கு இந்த வகையோடு நேரடி உறவும் உண்டு. நக்கீரரின் திருமுருகாற்றுப்படை கூறும் ஆறு படைவீடுகளில் குன்றுதோறாடலைத் திருத்தணியோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். ஆனால் அந்த 317 அடிகளில் தூரமும் இல்லை, தண்ணீரும் இல்லை. முருகன் இருக்கும் இடங்களின் அழகும் அவனை வழிபடுவோரின் கோலமும் இருக்கின்றன. ஆற்றுப்படை என்ற ஒரே பெயருக்குள் இருவகை நூல்கள் இருந்திருக்கின்றன. ஒன்று வழியைச் சொல்கிறது, மற்றொன்று சேரிடத்தைச் சொல்கிறது. இரண்டும் தம்தம் இடத்தில் சிறந்தவை. பின்வந்த நம் தலவழிகாட்டிகள் அனைத்தும் இரண்டாவதன் வழிவந்தவை என்பதும், முதலாவதற்கு வாரிசு இல்லாமல் போனதும்தான் குறை.

வாரிசு முற்றிலும் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. தெலுங்கில் ஒன்று பிறந்தது, அதுவும் சென்னையிலிருந்து. சென்னை உச்ச நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஏனுகுல வீராசுவாமி 1830 மே 18 அன்று பரிவாரத்தோடு காசிக்குப் புறப்பட்டார். திருப்பதி, கடப்பா, அகோபிலம், ஸ்ரீசைலம், ஹைதராபாத் என்று போய், 1831 செப்டம்பரில் திரும்பினார். அவர் எழுதிய காசி யாத்திரைச் சரித்திரம் 1838இல் அச்சானது. கோடையின் உச்சத்தில் ராயலசீமைக்குள் நுழைந்த மனிதர் என்பதால் அவருடைய கவனம் சரியான இடத்தில் இருந்தது. இந்த ஊருக்கும் அடுத்த ஊருக்கும் எவ்வளவு தூரம், பாதை மணலா கல்லா, தங்கச் சத்திரம் உண்டா, கடைகளில் என்ன கிடைக்கும், தண்ணீர் எப்படி என்று ஊர்தோறும் எழுதுகிறார். தனக்குப் பின்னால் வருகிறவருக்குப் பயன்படட்டும் என்ற எண்ணம் ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது. தென்னிந்தியாவில் எழுதப்பட்ட முதல் தரமான சாலைக் கையேடு என்று இதை நான் மதிக்கிறேன். பயண இலக்கியம் என்று பாராட்டுகிறவர்கள் அந்தத் தண்ணீர்க் குறிப்புகளைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அவருக்கு ஏறக்குறைய 180 ஆண்டுகளுக்கு முன்பு, 1652இல், பிரெஞ்சு வைர வணிகர் தாவர்னியே சென்னையிலிருந்து கண்டிக்கோட்டைக்கே போயிருக்கிறார். கோல்கொண்டா சுல்தானின் தளபதி மீர் ஜும்லா அப்போது அந்தக் கோட்டையைப் பிடித்து வைத்திருந்தார். அவரிடம் வணிகம் பேசப் போன தாவர்னியே, நாள்தோறும் எந்த ஊரில் தங்கினார், எவ்வளவு தூரம் கடந்தார் என்று குறித்து வைத்தார். இன்று ஒரு வெள்ளிக்கிழமை இரவில் புறப்பட்டு மறுநாள் காலையில் சேர்ந்துவிடுகிற பயணம் அவருக்குப் பல நாள் பிடித்தது. அந்த மெதுவான நடையில்தான் நிலம் மாறுவது கண்ணில் படும்.

ஆங்கிலேயர் காலத்தில் இந்த வேலை அச்சகத்துக்குப் போனது. லண்டன் ஜான் மரே நிறுவனம் 1859இல் வெளியிட்ட இந்தியக் கையேட்டின் முதல் பகுதியே சென்னை மாகாணத்தைப் பற்றியது, எட்வர்ட் ஈஸ்ட்விக் எழுதியது. வழி வழியாகப் பிரித்துத் தூரங்களைக் கொடுக்கும் முறை அதில் இருக்கிறது. அந்தத் தூரங்களுக்குப் பின்னால் உயிர்களும் இருந்தன. ஆங்கிலேயருக்கு விட்டுக்கொடுக்கப்பட்ட, ராயலசீமை உள்ளிட்ட தத்த மாவட்டங்களில் 1800 முதல் 1807 வரை கலெக்டராக இருந்து ஊர் ஊராகச் சுற்றிய தாமஸ் மன்றோ, பின்னர் சென்னை கவர்னராகி, பதவி முடிந்து ஊர் திரும்பும் முன் பழகிய மக்களைக் கடைசியாகப் பார்க்க அதே நாட்டுக்குப் போனார். 1827 ஜூலையில் பத்திகொண்டாவில் காலராவால் இறந்தார். நிலத்தை அவரைவிட அறிந்த அதிகாரி அங்கே இல்லை. கெட்ட தண்ணீர் அறிந்தவன், அறியாதவன் என்று பார்ப்பதில்லை. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம் பல்லாரி, அனந்தப்பூர், கர்நூல், கடப்பாவைத்தான் மிகக் கடுமையாகத் தாக்கியது. டபிள்யூ. ஃபிரான்சிஸ் 1905இல் எழுதிய அனந்தப்பூர் கெசட்டியரில் ஏரிகள், கிணறுகள், பஞ்ச வரலாறு, சாலைகள் என்று தனித்தனியே பேசப்படுகின்றன. சுற்றுலாவுக்காக எழுதாத அந்த நூலில் வறள்நிலப் பயணிக்கு வேண்டியது சுற்றுலா நூல்களைவிட அதிகம் இருக்கிறது. பயணத்துக்கு முன் ஒரு மாலை நேரத்தை அதற்குக் கொடுப்பவர், சாலையோரம் தெரியும் ஒவ்வொரு ஏரிக்கரையையும் வேறு கண்ணோடு பார்ப்பார்.

பிறகு ரயில் வந்தது. அரக்கோணத்திலிருந்து திருத்தணி, ரேணிகுண்டா, கடப்பா வழியாகச் சென்ற பாதை 1871இல் ராய்ச்சூரில் பம்பாய்ப் பாதையோடு இணைந்தது. அதோடு கையேட்டின் வடிவமும் மாறிவிட்டது என்பது என் கருத்து. ரயிலில் போகிறவருக்கு இரண்டு நிலையங்களுக்கு இடையில் என்ன இருக்கிறது என்ற கவலை இல்லை. இறங்கும் ஊரில் எந்தக் கோயில், எந்தச் சத்திரம் என்பதே போதும். ரயில்வே நிறுவனங்கள் வெளியிட்ட கைடு புத்தகங்கள் நிலையம் நிலையமாகப் பேசின. சாலையின் கதை பின்னுக்குப் போனது. நூறாண்டுக்குப் பிறகு மக்கள் மறுபடி சாலைக்கு வந்தார்கள். கையேடுகள் மட்டும் நிலையத்திலேயே நின்றுகொண்டிருக்கின்றன.

தமிழ்க் கையேடுகளைப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும். தொ.மு. பாஸ்கரத் தொண்டைமானின் ‘வேங்கடம் முதல் குமரி வரை’ தொகுதிகள் கோயிற்கலையை எளிய தமிழில் சாதாரண வாசகரின் கையில் கொண்டுவந்து சேர்த்தவை. சோமலெ மாவட்டந்தோறும் எழுதிய நூல்களில் தொழில், பயிர், மக்கள், உணவு எல்லாம் உண்டு. ஏ.கே. செட்டியார் உலகப் பயணங்களை எழுதினார். தி. ஜானகிராமனும் சிட்டியும் காவிரிக் கரையோரமாகவே போய் ‘நடந்தாய் வாழி காவேரி’ எழுதினார்கள். அருமையான நூல்கள். ஆனால் தண்ணீர் உள்ள நாட்டைப் பற்றியே நாம் அதிகம் எழுதியிருக்கிறோம். ஆற்றின் கரையோரம் போக ஆசைப்பட்ட அளவுக்கு வறண்ட படுகையின் ஓரம் போக யாரும் ஆசைப்படவில்லை. தூத்துக்குடி மாவட்டத்துச் செம்மணல் தேரிகளுக்கே ஒரு நல்ல வழிக் கையேடு கிடையாது. திருத்தணிக் கடைகளில் விற்கும் தலவரலாற்றுப் புத்தகங்களில் வள்ளி திருமணமும் அருணகிரிநாதரும் முத்துசாமி தீட்சிதர் முதல் கீர்த்தனை பாடிய கதையும் இருக்கும். ஊரின் சூடு பற்றி ஒரு வரி இருக்காது. அது அந்தப் புத்தகத்தின் குற்றம் அல்ல. அதன் வேலை வேறு.

ஆங்கிலப் பயண நூல்களின் உலகம் இந்த இடைவெளியை ஓரளவு உணர்ந்தது. வீலர் தம்பதியர் 1973இல் ஆசியாவைக் குறைந்த செலவில் கடப்பது பற்றிச் சிறுநூல் வெளியிட்டுத் தொடங்கிய லோன்லி பிளானட், 1981இல் இந்தியக் கையேட்டைக் கொண்டுவந்தது. தார் பாலைவனத்து ஒட்டகப் பயணத்துக்கு அதில் அறிவுரைகள் கிடைக்கும். ராயலசீமைக்கு அந்த அளவு இடம் கிடைத்ததில்லை. பாலைவனம் என்று பெயர் பெற்ற இடத்துக்குத் தண்ணீர் எச்சரிக்கை தருகிறார்கள். பெயர் பெறாத வறண்ட நாட்டுக்குத் தருவதில்லை. பயணியும் எச்சரிக்கை இல்லாததால் ஆபத்தும் இல்லை என்று எடுத்துக்கொள்கிறார்.

கையேடு எப்போது அச்சானது என்பது அடுத்த சிக்கல். இந்த ஒரு சாலையை வைத்தே அதைக் காட்டலாம். திருத்தணி 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ. சிவஞானம் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டமும் படாஸ்கர் ஏற்பாடும் அதைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்தன. முதலில் செங்கற்பட்டு மாவட்டம், பிறகு 1997இல் பிரிந்த திருவள்ளூர் மாவட்டம். சென்னையிலிருந்து திருப்பதி, மதனப்பள்ளி, கதிரி வழியாக அனந்தப்பூர் வரை போன ஒரே நெடுஞ்சாலைக்கு 205 என்று எண் இருந்தது. 2010இல் நாடு முழுவதும் எண்களை மாற்றியபோது அது துண்டு துண்டாகப் பிரிந்து, திருத்தணிப் பகுதி 716 ஆயிற்று. 2022இல் ஆந்திரம் மாவட்டங்களைப் பிரித்தபோது திருப்பதி, அன்னமய்யா, ஸ்ரீ சத்ய சாய் என்று புதுப் பெயர்கள் வந்தன. இருபதாண்டு பழைய கையேட்டில் மாவட்டமும் சாலை எண்ணும் பெரும்பாலும் தவறாகத்தான் இருக்கும். ஆனால் மலை எங்கே இருக்கிறது, எந்த மாதம் வெயில், எந்த ஆறு எப்போது வறளும் என்பவை மாறியிருக்காது. பழைய நூலை எறிய வேண்டியதில்லை. எந்தப் பகுதி கெடும், எந்தப் பகுதி நிற்கும் என்று பிரித்துப் படிக்கத் தெரிந்தால் போதும். பெயர், எண், விலை, விடுதி ஆகியவை கெடும். நிலமும் பருவமும் நிற்கும்.

இப்போதெல்லாம் செல்பேசி போதாதா என்று கேட்கலாம். நெடுஞ்சாலையில் போகிறவரை போதும். 2012 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் மில்டியூரா நகரைத் தேடிப் போனவர்களைச் செல்பேசி வரைபடம் ஒன்று எழுபது கிலோமீட்டருக்கு அப்பால், தண்ணீரே இல்லாத தேசியப் பூங்காவுக்குள் கொண்டுபோய் விட்டது. சிலர் ஒரு நாள் முழுவதும் சோறு தண்ணீர் இல்லாமல் அகப்பட்டுக்கொண்டார்கள். விக்டோரியா மாநிலக் காவல்துறை பொது எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று. அமெரிக்காவின் டெத் வேலியில் வனக்காவலர்கள் ஜி.பி.எஸ். சாவு என்றே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். 2009 கோடையில் அங்கே வழி தவறி மணலில் சிக்கிய தாய் மீட்கப்பட்டார், அவர் மகனான சிறுவன் இறந்துபோனான். வரைபடம் மிகக் குறுகிய வழியைக் கணக்கிடுகிறது. அந்த வழியில் மனிதர்கள் இருக்கிறார்களா என்பது அதன் கணக்கில் இல்லை. ரேணிகுண்டாவுக்கும் கோடூருக்கும் இடையே மாமண்டூர் காட்டைக் கடக்கும்போதும், நெடுஞ்சாலையை விட்டு ஏதேனும் கிராமச் சாலையில் இறங்கும்போதும், சிக்னல் போய்விட்டால் கையிலிருக்கும் படம் வெறும் கட்டமாகிவிடும். அச்சிட்ட நூலோ, கையால் எழுதிய தாளோ அப்போதும் படிக்கக் கிடைக்கும்.

வறண்ட நாடு என்றால் வெயில் மட்டும் என்று நினைப்பதும் தவறு. 2021 நவம்பர் 19 அன்று இதே சாலை போகும் ராஜம்பேட்டைப் பகுதியில் செய்யேறு ஆற்றின் அன்னமய்யா அணை உடைந்தது. கரையோரக் கிராமங்கள் அடித்துச் செல்லப்பட்டன, பலர் உயிரிழந்தார்கள். ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆறு அது. மரம் குறைந்த, பாறை மிகுந்த நிலத்தில் பெய்த மழை இறங்காமல் ஓடிவிடுகிறது, காய்ந்த ஓடை சில மணி நேரத்தில் வெள்ளமாகிறது. ஆகவே ஐப்பசி, கார்த்திகையில் போகிறவர் மேற்கு மலைகளில் மழை பெய்கிறதா என்று பார்த்துவிட்டே தரைப்பாலங்களில் இறங்க வேண்டும். நான் படித்த எந்தச் சுற்றுலாக் கையேடும் இதைச் சொல்லவில்லை.

இவ்வளவையும் மனத்தில் கொண்டு ஒரு கையேட்டை எப்படிப் பயன்படுத்துவது? கண்டிக்கோட்டைப் பயணத்தையே எடுத்துக்கொள்ளலாம். திருத்தணியிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கையேடு கோட்டையைப் பற்றி நான்கு பக்கம் சொல்லும்: மாதவராயர் கோயில், ரகுநாதர் கோயில், ஜாமியா மசூதி, தானியக் களஞ்சியம், பெண்ணைப் பள்ளத்தாக்கு. அதை முழுவதும் படியுங்கள். படித்துவிட்டு ஒரு தாளில் ஊர்களைச் சாலை வரிசையில் எழுதுங்கள். நகரி, புத்தூர், ரேணிகுண்டா, கோடூர், ராஜம்பேட்டை, ஒண்டிமிட்டா, கடப்பா, ஜம்மலமடுகு. ஒவ்வொன்றுக்கும் எதிரே பெட்ரோல் பங்க், பஞ்சர் கடை, மருத்துவமனை, தண்ணீர் கேன் கிடைக்கும் இடம் என்று குறியுங்கள். கையேட்டில் இல்லாததை லாரி ஓட்டுநர்களிடம் கேட்டு நிரப்பலாம். திருத்தணியில் தமிழும் தெலுங்கும் பேசுகிற, இந்த வழியை மனப்பாடமாக அறிந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். புத்தூருக்கு எதிரே எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் ஊர் என்றும் எழுதிக்கொள்ளலாம், தென்னாடெங்கும் பெயர் பெற்ற கட்டு அது. அடுத்ததாகத் தேதியைப் பாருங்கள். ஆடிக் கிருத்திகையில் காவடிக் கூட்டமும் டிசம்பர் 31 இரவில் படித்திருவிழாக் கூட்டமும் திருத்தணியிலேயே உங்கள் வண்டியை நிறுத்திவிடும். அந்த நாட்களில் முருகனைத் தரிசித்துவிட்டு மறுநாள் புறப்படுவதே முறை.

தண்ணீரைப் பொறுத்தவரை கணக்கு எளிது. கோடையில் ஓர் ஆளுக்கு ஒரு நாளுக்கு நான்கைந்து லிட்டர், வண்டிக்கென்று தனியாக ஒரு கேன். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்கக் கூடாது. டயர்க் காற்றைக் காலையில் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். சூடேறி அழுத்தம் கூடியபோது காற்றைக் குறைத்துவிட்டால், பிறகு குறைந்த காற்றோடு ஓடி டயர் வெடிக்கும். உடன் வருகிற ஒருவருக்கு வியர்வை நின்று பேச்சு குழறினால் அது களைப்பு அல்ல, வெப்ப வாதம். நிழலில் கிடத்தி, உடம்பை நனைத்து, அருகிலுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்த மருத்துவமனை எந்த ஊரில் என்பது தாளில் ஏற்கெனவே இருக்க வேண்டும்.

தை, மாசியில் போகிறவருக்குத் திட்டம் இது: விடியற்காலை நான்கு மணிக்குத் திருத்தணியில் புறப்பட்டால் மாமண்டூர்க் காட்டை வெளிச்சம் வரும் நேரத்தில் கடக்கலாம். காலை உணவு ராஜம்பேட்டையில், ஒண்டிமிட்டா கோதண்டராமர் கோயிலில் சிறிது நேரம், பத்து மணி அளவில் கடப்பா. ஜம்மலமடுகில் தண்ணீர் நிரப்பிக்கொண்டால் நண்பகலுக்குள் கண்டிக்கோட்டை. அதற்கப்பால் நிழலும் கடையும் குறைவு. சித்திரையில் போகிறவருக்கு இதே நேரக்கணக்கு பொருந்தாது. அவர் கடப்பாவிலோ ஜம்மலமடுகிலோ அறை எடுத்து வெயில் தாழும்வரை உள்ளே இருக்க வேண்டும். மாலை நாலரைக்கு மேல் கோட்டைக்குள் நுழைந்தாலும், பள்ளத்தாக்கின் விளிம்பில் இருள்வதற்கு முன் இரண்டு மணி நேரம் கிடைக்கும். திரும்பும்போது எந்த ஊரில் தண்ணீர் கிடைக்கவில்லை, எந்தப் பாலம் வேலையில் இருக்கிறது என்று கையேட்டின் ஓரத்தில் தேதி போட்டு எழுதி வைத்து, அடுத்து அந்த வழி போகிற நண்பரிடம் நூலைக் கொடுத்துவிடலாம்.